சிவப்புக் கார் முடியும்வரை

அவர் ஒரு வேலையை முழுசாக முடித்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். தோஹா தொழில்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்த மெக்கானிக்குகளில் அவரளவுக்கு உடம்பைக் கொடுத்து உழைத்தவர் யாரும் இல்லை. ஆனாலும் கடைசியில் ஒரு துளி வேலையை மிச்சம் வைத்துவிட்டுத்தான் வண்டியை வெளியே விடுவார். "ஓட்டிப் பாத்துட்டு வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி ஒருக்கா வாங்க, நட்டை மறுபடி இறுக்கித் தாரேன்" என்பார். சக்கரம் கழற்றி மாட்டிய வண்டிக்கு அது நியாயம். ஓடின பிறகு நட்டு கொஞ்சம் தளரும், திரும்ப இறுக்கத்தான் வேண்டும். இவரோ வைப்பர் மாற்றினவனையும் வரச்சொல்வார், பக்கவாட்டுக் கண்ணாடி மாற்றினவனையும் வரச்சொல்வார். முக்கால்வாசிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். வந்தவனுக்கு ஒரு சுலைமானி டீ வாங்கிக் கொடுத்து, இறுக்கவே தேவையில்லாத எதையாவது இறுக்கி, ஊர் நிலவரம் விசாரித்து அனுப்புவார்.

அவருடைய ஒர்க்‌ஷாப்புக்கு எதிர்த்தாற்போல் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நிற்கிறவன் நான். எனக்கு ஊர் தொண்டி, அவருக்கு அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். ஊரில் இருந்திருந்தால் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டோம். இங்கே தமிழ் பேச அந்தத் தெருவில் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் அண்ணன் தம்பியாகிவிட்டோம். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டாலும், "இப்ப என்ன தம்பி அவசரம், பெறகு எழுதிக்கலாம்" என்றுதான் சொல்வார்.

வெள்ளிக்கிழமைகளில் அவருடைய ரூமில் கேரம் ஆடுவோம். ஜெயிக்கிற கட்டத்தில், பலகையில் இரண்டே காய்கள் கிடக்கும்போது, "சரி, மிச்சத்த அடுத்த வாரம் பாப்போம்" என்று எழுந்துவிடுவார். பலகையை யாரும் அசைக்கக் கூடாது. கட்டிலுக்கு அடியில் அப்படியே தள்ளி வைப்பார். கூட இருந்த மலையாளிப் பையன் ஒரு நாள் கால் இடறிக் காய்களைக் கலைத்துவிட்டான். இவர் அவனிடம் முழு வாரம் பேசவில்லை. தோற்கிறவர் இப்படி எழுந்து போனால் புரியும். ஜெயிக்கிறவர் ஏன் எழுந்து போகவேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் மரை கழன்றிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஊரில் வீட்டையும் அவர் லீவு லீவாகத்தான் கட்டினார். ஒரு லீவில் கூரை, அடுத்த லீவில் தரை, அதற்கடுத்ததில் வெள்ளை. ஒரு முறை நான் ஊருக்குப் போனபோது அவர் கொடுத்துவிட்ட சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். மாடியிலிருந்து மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். படிக்குக் கைப்பிடி இல்லை. கைப்பிடிக்கான கம்பிகள் மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன.

"கம்பி வாங்கியாந்து போட்டு ரெண்டு லீவு ஆச்சு தம்பி. கொத்தனார வரச்சொல்லி நானே வெச்சிருப்பேன். ஒங்கண்ணன் வேணாம்னுட்டாக. வந்து வெக்கிறேங்கிறாக. வந்தா, போறப்ப வெக்கலாங்கிறாக" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். "எதையாச்சும் மிச்சம் வெச்சுட்டுப் போனாத்தான் திரும்பி வர்ற நெனப்பு இருக்கும்போல. இருந்துட்டுப் போகட்டும்."

அவர்களுக்கு ஒரே பெண். கட்டிக்கொடுத்து அவள் திருப்பூரில் இருக்கிறாள். அத்தனை பெரிய வீட்டில் மதினி தனியாகத்தான் இருந்தார். பின்கட்டில் ஒரு ரேடியோ யாருக்கும் கேட்காத சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அந்தச் சிவப்புக் கார் எங்கள் தெருவுக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு.

பழைய காலத்து அமெரிக்கக் கார். இரண்டே கதவு. பானெட் மேல் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். ஸ்டார்ட் செய்தால் என் கடை அலமாரியில் போல்ட் டப்பாக்கள் கடகடவென்று ஆடும். அதன் சொந்தக்காரர் ஒரு கத்தாரிக் கிழவர். தெருவில் எல்லோரும் அவரை பாபா என்போம். வாலிபத்தில் வாங்கிய வண்டியாம். பிள்ளைகள் ஆளுக்கொரு வீடு கட்டிப் போய்விட்டார்கள். ஏசி இல்லாத வண்டியில் பேரப்பிள்ளைகள் ஏறுவதில்லை. பாபாவுக்கு அந்த வண்டிக்கு அகலமான புதுச் சக்கரங்கள் போடவேண்டும் என்று ஆசை. சக்கரங்களை வாங்கிக்கொண்டே வந்துவிட்டார். ஆனால் சக்கரத்தைத் தாங்கி நிற்கிற அந்தக் குட்டை போல்ட்டுகள், நாங்கள் ஸ்டட் என்போம், பழைய மெல்லிய சக்கரத்துக்கு ஏற்றவை. புதுச் சக்கரம் தடிமன். நட்டு இரண்டு சுற்றுக்கு மேல் பிடிக்காது. பிடிக்காத நட்டோடு ஓடினால் சக்கரம் தனியே கழன்று ஓடிவிடும்.

முதல் நாளே அண்ணன் ஒரு காரியம் செய்தார். வலது பக்கச் சக்கரங்களைக் கழற்றியாயிற்று. இடது பக்கத்துக்கு வந்தால் நட்டு அசையவில்லை. துருப் பிடித்திருக்கிறது என்று எண்ணெய் ஊற்றினார். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்றார். டக்கென்று ஸ்டட் முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. மூச்சு வாங்க நிற்கும்போது சாயங்கால அஸர் தொழுகை முடித்து பாபா வந்தார். பார்த்தார். அப்படியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இருமல் வரும்வரை சிரித்தார்.

"சதீக், லெஃப்ட் சைடு உல்டா! உல்டா!" இங்கே யாரையும் சதீக், அதாவது சிநேகிதா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் இடது பக்க மரை தலைகீழாக ஓடுமாம். எல்லா நட்டும் கழலுகிற பக்கத்தில் இது இறுகும். எனக்கும் தெரியாது. அண்ணன் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டு என் கடைக்கு வந்து ஓரமாக நின்றார்.

"கழட்டுறேன் கழட்டுறேன்னு நெனச்சுக்கிட்டு இறுக்கிட்டே இருந்துருக்கேன் தம்பி" என்றார். அன்று ராத்திரிக்கு வாங்கிய சோற்றுப் பொட்டலத்தை அவர் பிரிக்கவில்லை.

பாபா கோபப்படவே இல்லை. "மாஃபி முஷ்கில்", பரவாயில்லை என்றார். எப்படியும் நீளமான ஸ்டட் போடத்தான் போகிறோம், எல்லாவற்றையும் தடிமனாக, எல்லாவற்றையும் ஒரே பக்கம் திரும்புகிற மாதிரி மாற்றிவிடு என்று சொல்லிவிட்டார். அமெரிக்காவிலிருந்து ஸ்டட் வரவழைக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒர்க்‌ஷாப் மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டு, வயதாகிவிட்டது, இனி விசா புதுப்பிக்கப் போவதில்லை என்று சொன்னார். கேன்சல். இங்கே வருகிற எல்லோருக்கும் ஒரு நாள் வருகிற வார்த்தைதான். ஆனால் கஃபீல், அதாவது அவருக்கு விசா கொடுத்த முதலாளி, பாபாவின் பழைய சிநேகிதர். பாபாவின் வண்டி முடியட்டும், அதுவரை இந்த ஆள் இருக்கட்டும் என்று கஃபீலே சொல்லிவிட்டார். ஆக, சிவப்புக் கார் முடிந்தால் அண்ணன் ஊருக்கு. முடியாதவரை இங்கே. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும்.

முதலில் வந்த ஸ்டட்டுகள் நிஜமாகவே சரியில்லை. சக்கரம் உட்கார்கிற ஹப்பின் துளைக்குள் கவ்வி நிற்கவேண்டிய வரிப்பகுதி ஒரு மயிரிழை பெரிது. திருப்பி அனுப்பினேன். அடுத்த செட்டைப் பார்த்துவிட்டு அண்ணன், தலை கொஞ்சம் பெரிசு, உள்ளே இடிக்கும் என்றார். நம்பி அதையும் அனுப்பினேன். அடுத்தது வர வாரங்கள் ஆயின. வந்ததைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "எல்லாஞ் சரியாத்தான் இருக்கு தம்பி, ஆனா மனசுக்குப் பிடிக்கல" என்றார். பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை பேசுவதைப் போலிருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

கார் சக்கரமில்லாமல் ஸ்டாண்டின்மேல் நின்றது. மேலே ஒரு துணி போர்த்தியிருந்தார். பாபா தினமும் அஸருக்குப் பிறகு வந்து அதே நாற்காலியில் உட்கார்வார். இவர் ஒரு காலி டிரம்மின்மேல் உட்கார்வார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இந்தியும் கொஞ்சம் அரபியும்தான். அதிகம் பேசமாட்டார்கள். பாபாவும் அவசரப்படுத்தவில்லை. முடியாத அந்த வேலை, தினமும் வந்து உட்கார அவருக்கும் ஒரு சாக்கு. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருந்தது. ஊரில் ஒரு பொம்பளை காத்திருக்கிறாள், இவர் இங்கே ஒரு கத்தாரிக் கிழவரோடு தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று எரிச்சலாகவும் வந்தது.

ஒரு நாள் மதினி எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, அந்தச் செவப்புக் காரு இன்னும் ஓடலையா?"

"ஸ்டட் சரியா அமையல மதினி. வரவழைச்சிருக்கோம்."

"அதையேதான் அவுகளும் சொல்றாக." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, பொய் சொல்லாம சொல்லுங்க. வேற எதுவும் இருக்கா? ஒடம்புக்கு முடியலையா? இல்ல, அங்கிட்டு யாரும்..."

"ஐயோ மதினி, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பெறகு ஏன் தம்பி வரமாட்டேங்கிறாக?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்த கையோடு, அவர் பிடிக்கவில்லை என்ற செட்டிலிருந்து ஒரு ஸ்டட்டை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். நான் கொஞ்சம் அவசரக்குடுக்கை. மனசில் ஒன்று வந்துவிட்டால் அதைக் கேட்காமல் இருக்கமாட்டேன். அண்ணன் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். பாபா நாற்காலியில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். முறிந்த ஸ்டட்டை எடுத்திருந்த துளையில் நானே புதியதைச் செருகிக் காட்டினேன். வரிப்பகுதி துளை வாயில் கச்சிதமாகப் பொருந்தியது.

"இதுல என்ன கொறைங்கண்ணே?"

"கொறை ஒண்ணுமில்ல."

"அப்பறம் எதுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கீங்க? மதினி அங்க அழுவாத கொறை. ஊருக்குப் போகணும்னு ஆசை இல்லையா ஒங்களுக்கு?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"தம்பி, நா அவகூட லீவு நாளத் தாண்டி இருந்ததே இல்ல. கல்யாணம் ஆன வருசமே விமானம் ஏறிட்டேன். லீவுல போனா நல்லா இருப்பேன். கறி எடுப்பேன், கோயிலுக்குக் கூட்டிப் போவேன், சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவேன். லீவு முடியிறப்ப பேசுறதுக்கு இருந்ததெல்லாம் தீந்துரும். ஏறி வந்துருவேன். இப்ப ஏறி வர்றதுக்கு வழியில்ல. லீவு முடிஞ்ச மறுநாள் காலைல அவ முன்னாடி எந்திரிச்சு உக்காந்தா என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல. எனக்குப் பயமா இருக்கு."

இவ்வளவுதானா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் என் வீட்டிலும் அந்தக் கணக்குதான். எனக்கும் லீவு நாளைத் தாண்டி ஒரு நாள் என் பெண்டாட்டியோடு இருந்த ஞாபகம் இல்லை.

யோசிக்காமல் ஒரு வேலை செய்தேன். மதினிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, "அண்ணன் இங்கதான் இருக்காக, அவுக ஏன் வரலைன்னு அவுககிட்டயே கேளுங்க" என்று சொல்லி அண்ணன் கையில் திணித்தேன். அவர் என்னை முறைத்தார். பிறகு போனைப் பார்த்து, எனக்குச் சொன்னதையே தட்டுத் தடுமாறி, பாதியாகக் குறைத்துச் சொன்னார். பாபாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நாற்காலியைத் தெருப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு மட்டும் என்ன" என்றார் மதினி. "நீங்க லீவுல வர்றப்பல்லாம் நானும் வேசந்தான் கட்டுறேன். நல்ல சேலையா உடுத்துறேன், வகை வகையா ஆக்குறேன். நீங்க ஏறிப் போனதும் எல்லாத்தையும் தூக்கி வெச்சுட்டுப் பேசாமக் கெடப்பேன். நா நெசமா எப்படி இருப்பேன்னு ஒங்களுக்குத் தெரியாது. காட்டவே இல்ல. நீங்க வந்தா அதையெல்லாம் பாப்பீங்களேன்னு எனக்கும் கூச்சமாத்தான் இருக்கு. அதுக்காக வராம இருந்துருவீகளா? வாங்க. பழகிக்கிருவோம்."

அண்ணன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஒர்க்‌ஷாப்பின் பின்புறம் போனார். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவர் நேரே சுத்தியலை எடுத்தார்.

மிச்சமிருந்த பழைய ஸ்டட்டுகளைத் தட்டி வெளியே தள்ளினார். புதியதைப் பின்புறமிருந்து செருகி, முன்பக்கம் வாஷரும் நட்டும் போட்டு, வரிப்பகுதி உள்ளே போய்க் கவ்வும்வரை இழுத்து உட்காரவைத்தார். நான் ஹப்பைப் பிடித்துக்கொண்டேன். கடையில் ஆள் வந்து கூப்பிட்டும் நான் போகவில்லை. மாதக்கணக்காக நின்ற வேலை. அந்தி சாய்வதற்குள் நான்கு சக்கரமும் மாட்டியாயிற்று. அவ்வளவு சின்ன வேலை அது. பாபா எழுந்து வந்து புதுச் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் வாடியிருந்தது. "கல்லாஸ்?", முடிந்ததா என்று கேட்டார். "கல்லாஸ் பாபா" என்றார் அண்ணன்.

மறுநாள் பாபா வடக்கே அல்கோர் ஊர் வரை ஓட்டிவிட்டு வந்தார். அண்ணன் மண்டியிட்டு எல்லா நட்டையும் மறுபடி இறுக்கினார். அந்த வாரமே அவருக்குக் கேன்சல் ஆயிற்று. ஒரு காலைநேரத்தில் கம்பெனி வேன் வந்து நின்றது. சாமான் கட்டிய அட்டைப்பெட்டியை ஏற்றிவிட்டு என் கையைப் பிடித்தார். போயிட்டு வாரேன் என்று சொல்லித்தான் பழக்கம். அதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். "சரி தம்பி" என்று மட்டும் சொல்லி ஏறினார். வேன் திருப்பத்தில் மறைந்தபோது ஒரு லாரி நிறைய டயர் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் இடத்துக்கு ஒரு நேபாளி வந்தான். நல்ல வேலைக்காரன். காற்றுத் துப்பாக்கி வைத்து நட்டுகளை டர்ரென்று முடுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். யாரையும் திரும்ப வரச்சொல்வதில்லை. பாபா சில நாள் அஸருக்குப் பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு வருவது குறைந்து நின்றேபோனது. எனக்கு அந்தத் தெருவில் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் போயிற்று. டீ வாங்கப் போனால் பழக்கத்தில் இரண்டு என்று சொல்லிவிட்டு, பிறகு ஒன்று என்று திருத்துவேன். சொல்ல என்ன வெட்கம், அவர் போனபிறகு எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை.

அவர் போய் ஒரு லீவு அளவுக்கு நாள் கடந்திருக்கும். மதினியிடமிருந்து போன் வந்தது. பதறிப்போய் எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல தம்பி, சும்மாதான்" என்றார். "நேத்துக் காலைல ஒங்கண்ணன் சீக்கிரமே எந்திரிச்சுக் குளிச்சாக. பேண்ட்டு சட்டை மாட்டிக்கிட்டு, சூ எல்லாம் போட்டுக்கிட்டு, கூடத்துல வந்து உக்காந்துட்டாக. ஏர்போட்டுக்குக் கெளம்புற மாதிரியே. எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. ஆனா எங்க கெளம்பிட்டீகன்னு நான் கேக்கல."

"அப்பறம்?"

"நா என்ன செய்றது? பேசாம பக்கத்துல போயி உக்காந்துக்கிட்டேன். ரோட்டுல பஸ்ஸு போச்சு. பால்காரன் வந்துட்டுப் போனான். ரெண்டு பேரும் அப்படியே உக்காந்துருக்கோம். வெயில் ஏறுனப்பறம் பசிக்கிதுன்னாக. இட்டிலி ஊத்தவான்னேன். வேணாம், நா இல்லாதப்ப நீ காலைல என்ன திம்பேன்னு கேட்டாக. எனக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. முந்தின நாச் சோறும் ஊறுகாயுந்தான், அதுவும் சட்டியோட அடுப்படியில உக்காந்துதான்னேன். அதையே குடுன்னாக."

"குடுத்தீகளா?"

"குடுத்தேன். அடுப்படிக்கே வந்துட்டாக. சூவை மட்டும் கழட்டி வெச்சுட்டு, அந்தப் பேண்ட்டு சட்டையோடயே தரையில உக்காந்து எங்கூட ஒரே சட்டியில தின்னாக தம்பி."